கவிழ்த்தாலும் கொட்டாத ஜாடி

நவம்பர் 4

மாமாவுக்கு,

அக்கா உங்களுக்கு எழுதும் கடிதங்களை நம்பாதீர்கள். நேற்றுகூடப் படுக்கையில் சாய்ந்தபடியே "நான் நலம், குழந்தை நலம், வீட்டில் எல்லோரும் நலம்" என்று எழுதி ஒட்டினாள். நலமாக இருக்கிறவளை எந்த டாக்டராவது குளியலறை தவிர வேறெங்கும் நடக்கக்கூடாது என்பாரா? வயிற்றில் உங்கள் குழந்தை இன்னும் குறுக்காகத்தான் படுத்திருக்கிறது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் அறுவை செய்துதான் எடுக்க வேண்டுமாம். இருபதாம் தேதி கூட்டி வாருங்கள், அதுவரை மலைப்பாதையில் குலுக்காதீர்கள் என்று உத்தரவு. பொய்க்கென்றே ஊரறிந்த ஆள் நான். உண்மையைத் தெரிந்துகொள்ள என்னை நம்ப வேண்டிய நிலைக்கு இந்தக் குடும்பம் வந்துவிட்டது பாருங்கள்.

புயலில் சாய்ந்த கைபேசிக் கோபுரத்தை அடுத்த வாரம் நிமிர்த்துகிறார்களாம். எல்லா வாரமும் அடுத்த வாரம்தான். ஆகவே கடிதம். கடிதம் என்றால் கொஞ்சம் கடி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேடிக்கை, தபால் பை அப்பாவின் பஸ்ஸில்தான் போய் வருகிறது. "நான் கூப்பிடாம அந்த ஆளு இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று உங்களைச் சொன்னவர், அந்த ஆளின் கடிதத்தை ஒவ்வொரு வளைவாகச் சுமந்து வந்து என்னிடம் சேர்க்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். புகை கக்கும் வண்டிகளை டவுனுக்குள் விடமாட்டோம் என்று சோதனைச் சாவடி வைத்ததும், டீசலை விட்டுவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறச் சொல்லி அப்பாவை மடக்கியது நீங்கள். நீங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பீப்பாய்கள் வந்து இறங்கின. புகை குறைந்தது, பகை வந்தது. ஒரு பீப்பாய்க்குப் பழைய தூரம் ஓடவில்லை என்கிறார். ரப்பர் குழாய் ஊதிப்போய் ஒழுகியதை நீங்கள் மாற்றிக் கொடுத்த பிறகும் தினமும் அதைத் தொட்டுப் பார்க்கிறார். வாடை வேறு. பஸ் போனபின் தெருவே அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்த மாதிரி மணக்கிறது, பள்ளிக்கூடம் போகிற வாண்டுகள் பசிக்கிறது என்கின்றன. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸின் முதுகில் "பொரித்த வாசனை இலவசம், பொரித்தது கிடையாது" என்று ஓர் அட்டை. யாரும் அப்பாவிடம் சொல்லாததால் அது சில நாள் மலை ஏறி இறங்கியது. அப்பா பஸ்ஸை ஓட்டுகிறார், ஊர் அப்பாவை ஓட்டுகிறது. அட்டை இப்போது சாம்பல்.

சிரிப்பு இதோடு சரி. குளிர் வந்துவிட்டது மாமா. நேற்றுக் காலை முதல் வளைவில் பஸ் இருமியது. இரண்டாவது வளைவில் நின்றே போனது. வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. தாவர எண்ணெய் என்று பேர், காலையில் பார்த்தால் தாவ வராத எண்ணெய். அது உறையுமா? இருபதாம் தேதியும் இங்கே குளிரத்தான் போகிறது. உறையாது என்று எழுதுங்கள். ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

வாலைச் சுருட்டி வைத்திருக்கும்,
வாலு


நவம்பர் 8

வாலுக்கு,

உன் உறையை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித்தான் பிரித்தேன். போன மாதம் உன் பொட்டலத்திலிருந்து பாய்ந்த ஸ்பிரிங் தவளையைப் பார்த்ததிலிருந்து என்னோடு அறையில் தங்கியிருப்பவர் தபால்காரரைக் கண்டால் படி இறங்கி ஒதுங்கிக்கொள்கிறார்.

எந்த எண்ணெயும் ஏதோ ஒரு குளிரில் கெட்டிப்படும். எதிலிருந்து பிழிந்தது என்பதைப் பொறுத்தது அது. மலைக்கு என்று நாங்கள் தனியாக ஒரு வகை செய்கிறோம், உங்கள் ஊர்ப் பனிக்கு அது தாங்கும். இருந்தாலும் ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து ஜன்னலுக்கு வெளியே வைத்துப் பார். காலையில் தண்ணீர் மாதிரி ஆடினால் எனக்கும் எழுது, நானும் தூங்கிக்கொள்கிறேன்.

அப்பா குறை சொல்வதில் பாதி சரிதான். தூரம் கொஞ்சம் குறையும், பழைய ரப்பரைத் தின்னும். ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால் இப்போது யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கவில்லை. தரையில் சிந்தினால் கொஞ்ச நாளில் மண்ணே அதைச் செரித்துவிடும். தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகிற சரக்கில்லை, அடுத்த பருவத்தில் மறுபடி முளைக்கும். இதைத்தான் அப்பாவிடமும் சொன்னேன். அப்போது எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

இப்போது கொஞ்சம் இருக்கிறது. என் ஜன்னலுக்கு வெளியே போன ஆண்டு தானியம் நின்ற வயலில் இந்த ஆண்டு எங்கள் விதைச்செடி நிற்கிறது. கடையில் மாவு விலை கேட்டுவிட்டு வரும் நாளில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்கிற பார்வை வேறு. "உங்க பஸ்ஸெல்லாம் நல்லா சாப்பிடுது தம்பி" என்றார் ஒருநாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. எங்கள் எண்ணெய் டேங்கைச் சுரண்டிக் கழுவும் குணம் உள்ளது. பல வருட டீசல் கசடு பெயர்ந்து வந்து என்றைக்காவது ஃபில்டரை அடைக்கும். இதைச் சொன்ன அன்றுதான் அப்பா "என் டேங்க்ல அழுக்குன்றியா?" என்று கேட்டார். வாசப்படி மூடியதும் அன்றுதான். தனிப் பொட்டலமாகப் புது ஃபில்டர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். எப்படியாவது பஸ்ஸில் இருக்கும்படி செய்.

அக்கா ராத்திரியில் தூங்குகிறாளா? அவளைக் கேட்டால் தூங்குகிறேன் என்றுதான் எழுதுவாள்.

மாமா


நவம்பர் 10

வாலுக்கு,

முந்தின கடிதம் வந்து சேர்ந்திருந்தால் அதில் உறையாது என்று எழுதியதை அடித்துவிடு.

சரக்குக் கிடங்கில் இன்று விசாரித்தேன். உங்கள் ஊருக்கு வந்த பீப்பாய்கள் மலை வகை இல்லை. வெப்ப நாட்டு மரத்துப் பழத்தில் பிழிந்த எண்ணெய். சமவெளி லாரிகளுக்குப் போக வேண்டியதை மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். இங்கே போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ந்தாலே அது மெழுகாகத் தொடங்கும். மேலாளரிடம் போய் நின்றேன். "குளிருக்கு முன்னாடி தீந்துடும்னு நெனச்சோம்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன், ஷிஃப்ட்டுக்குப் போகச் சொன்னார்.

இது விளையாட்டு இல்லை. அக்கா அந்த பஸ்ஸில் வரப்போகிறாள்.

டீசலுக்கே திரும்பினால் சாவடியில் நிறுத்திவிடுவார்கள், ஆஸ்பத்திரி சாவடிக்கு அந்தப் பக்கம். ஒரே வழி, சின்னதாக இரண்டாவது டேங்க் ஒன்றைப் பொருத்தி அதில் டீசல் ஊற்றிக் குளிர் வளைவுகளை இறங்குவது. பள்ளத்தாக்கின் வெயிலுக்கு வந்ததும் குழாயைத் திருப்பி எங்கள் எண்ணெய்க்கு மாறுவது. சாவடியைத் தாண்டும்போது எரிவது எங்கள் எண்ணெயாக இருக்கும்.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. நீ யோசித்ததாகச் சொல்.

மாமா


நவம்பர் 14

மாமாவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. தூங்கலாம் என்ற மாமாவும் தூங்காதே என்ற மாமாவும் ஒன்றாக வந்து இறங்கினால் நான் யாருக்குப் பாய் விரிப்பது?

படித்ததும் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன், எண்ணெய் உறைந்துவிடும், அக்காவோடு நடுவழியில் நிற்போம் என்று. அப்பா அம்மாவைப் பார்த்து, "இவ வெளயாட்டுக்கு நேரங்காலமே கெடயாதா?" என்றார். அம்மா என் தலையணைக்கடியில் தேடினாள், எதைத் தேடினாள் என்று அவளுக்கே தெரியாது. அக்கா சிரித்தாள். மாமா, நான் சொன்ன எத்தனையோ பொய்யை இந்த வீடு நம்பியிருக்கிறது. முதல் உண்மைக்குப் பொய்க்காரிப் பட்டம். அழுதேன், அதையும் யாரும் நம்பவில்லை.

பிறகுதான் ஜாடி. நீங்கள் சொன்னபடி பஸ் எண்ணெயைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தேன். காலையில் எடுத்தபோது உள்ளே வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அப்பா சாப்பிட்டபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் நாற்காலியில் ஏறி நின்று, மூடியைக் கழற்றி, ஜாடியை அவர் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தேன். அம்மா தட்டைக் கீழே போட்டாள். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு சொட்டு விழவில்லை.

ஒற்றைக் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். ஜாடியின் வாய் அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. "எறங்கு" என்றார். ஜாடியை வாங்கி விரலை விட்டார், விரல் நுனியில் மெழுகுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி விரலை விட்டுப் பார்த்தார். அப்பாவுக்குப் பயம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை, மறுபடி என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது.

இரண்டு டேங்க் யோசனையை என்னுடையதாக அவிழ்த்துவிட்டேன். "இது உன் மூளையில்ல. உன் மூளைன்னா டேங்க்குக்குக் கண்ணும் மூக்கும் வரஞ்சிருப்பே" என்றார். யாருடைய மூளை என்று கேட்கவில்லை. மத்தியானம் ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனார். சாயங்காலம் அது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் திருப்புவதற்கு ஒரு குழாய்.

உங்கள் ஃபில்டர் வந்துவிட்டது. அவர் கண்ணில் காட்டவில்லை. டேங்க் அழுக்கு என்று ஆரம்பித்தாலே போதும், பஸ் ஸ்டார்ட் ஆகிறதோ இல்லையோ அவர் ஸ்டார்ட் ஆகிவிடுகிறார். ஆனால் அது பஸ்ஸில் இருக்கும். எப்படி என்று கேட்காதீர்கள்.

அக்கா தூங்குவதில்லை. கால் வீங்கியிருக்கிறது. பஸ் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைக் காலையில் என்னைவிட முன்னால் காது கொடுத்துக் கேட்பது அவள்தான்.

வாலு


நவம்பர் 17

மாமா,

இந்தக் கடிதத்தை எதில் அனுப்புவேன் என்று தெரியாமலே எழுதுகிறேன். தபால் பஸ்ஸில் போகும். பஸ் அக்காவோடு போய்விட்டது.

விடியும்போது வலி வந்துவிட்டது. இருபதாம் தேதி வரை அது காத்திருக்கவில்லை. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, "இப்பவே கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார். புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஜாடி கல் மாதிரி இருந்தது. பெரிய டேங்கும் உள்ளே அப்படித்தானே இருக்கும்?

அப்பா சின்ன டேங்கைத் திறந்தார். முதல் முறை பிடிக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்ததில் பிடித்தது, ஊருக்கே கறுப்புப் புகை அடித்தது. அந்த நாற்றம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பின் இருக்கையில் அக்காவைப் படுக்க வைத்து அம்மா தாங்கிக்கொண்டாள். கண்டக்டர் அண்ணனும் ஏறினார். எனக்கு இடம் இல்லை என்றார்கள். இடம் இருந்தது, நான் பேசிக் கொல்லுவேன் என்று விட்டுவிட்டார்கள். ஜன்னல் வழியாக அக்காவிடம் குழந்தைத் துணிப் பையைக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து, "ஏதாவது ஜோக் சொல்லுடி" என்றாள். மாமா, எனக்கு ஒன்றும் வரவில்லை. வாய் இருக்கிறது, உள்ளே காலி. பஸ் போய்விட்டது.

முதல் வளைவு வரை சத்தம் கேட்டது. இரண்டாவது வளைவிலும் கேட்டது. அதற்குப் பிறகு மரங்கள். சத்தம் போனதா நின்றதா என்று சொல்ல முடியவில்லை. சாலை முனையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்று கீழிருந்து யாருமே மேலே வரவில்லை.

பெயர் போட மனசு வரவில்லை.


நவம்பர் 18
ஆஸ்பத்திரித் தாழ்வாரம்

வாலுக்கு,

முதலில் இது. உன் அக்கா பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. ரொம்பச் சின்னது, சூடு காட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூச்சு இன்னும் அவசர அவசரமாக ஓடுகிறது. நாளை வரை பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதனால் முழுசாகச் சிரிக்க வேண்டாம், பாதி சிரி.

இனி நீ கேட்கப் போவதற்குப் பதில். எனக்கு லீவு தரவில்லை. நான் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இருபதாம் தேதிக்கு முன்பே பஸ்ஸில் ஊற்றிவிடலாம் என்று மலை வகை எண்ணெயில் இரண்டு பீப்பாயைக் காய்கறி லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து சாவடியில் இறங்கிவிட்டேன். அப்பா மிதிக்காதே என்றது வீட்டு வாசப்படியைத்தானே, சாவடியை இல்லையே. வேலை இருக்கிறதா என்று திங்கட்கிழமை தெரியும்.

நேற்று பஸ் வர வேண்டிய நேரம் தாண்டியது. காவலர் தன் தகரக் கூரையில் வெயில் விழுந்தால் பஸ் வரும் என்றார். வெயில் விழுந்து காய்ந்தே போனது. மேலே பார்த்து நடக்க ஆரம்பித்தேன். வயல்களுக்கு நடுவே, சமதளத்தில், பஸ் நின்றிருந்தது.

குளிர் வளைவுகளையெல்லாம் அப்பாவின் தகர டப்பா தாண்ட வைத்திருந்தது. பள்ளத்தாக்கில் எங்கள் எண்ணெய்க்குத் திருப்பியிருக்கிறார், நன்றாகவே ஓடியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்தபிறகு நின்றுவிட்டது. டப்பாவில் டீசலும் தீர்ந்திருந்தது. கண்டக்டர் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். உள்ளேயிருந்து உன் அக்கா முனகுவது கேட்டது. நான் அவளிடம் ஓடுவதா, இங்கே நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அப்பா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் எடு."

எடுத்துக் கொடுத்தேன். யார் கை என்று அவருக்குத் தெரிந்ததா, இன்னும் எனக்குத் தெரியாது.

ஃபில்டர் வெளியே வந்தது. தார் மாதிரி கறுப்பு. எங்கள் மெழுகு வெள்ளையாக இருக்கும், நீ பார்த்திருக்கிறாய். அப்பா அதை விரலில் எடுத்துத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது உன்னோடதில்ல" என்றார். பிறகு ஃபில்டரிடம் சொல்வது போல, "என்னோடது."

எனக்கு அதில் ஜெயித்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. அவர் கசடைப் பெயர்த்துக் கொண்டுவந்தது என் எண்ணெய். மாற்று ஃபில்டர் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. இரண்டு பீப்பாய் எண்ணெயைச் சாவடியில் வைத்துக்கொண்டு வயல் நடுவே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அப்போது உன் அக்கா ஜன்னலில் தலையைத் தூக்கினாள். "துணிப்பையில வாலு ஒரு பொட்டலம் வெச்சிருக்கா. பஸ் நின்னா மட்டும் பிரிக்கவும்னு எழுதியிருக்கா."

உன்னைப் பற்றி இந்தக் குடும்பம் என்ன நினைக்கிறது என்று அந்த நேரத்தில் நீ பார்த்திருக்க வேண்டும். அம்மா பிரிக்காதே என்றாள். கண்டக்டர் இரண்டு அடி தள்ளி நின்றார். அப்பா பொட்டலத்தை முழங்கை விறைக்க நீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நூலை அறுத்தார். ஒன்றும் பாயவில்லை. நான் அனுப்பிய ஃபில்டர், மேலே உன் கையெழுத்து: "தவளை விடுமுறையில்."

உன் அக்கா சிரித்தாள். வலியோடு சிரித்தாள். கேட்ட ஜோக் வந்து சேர்ந்துவிட்டது என்றாள். அது என்ன என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும் என்றாள்.

அப்பா பூட்டினார், குழாயிலிருந்த காற்று வெளியேறும்வரை நான் பம்ப் அடித்தேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. சாவடிக் காவலர் வழக்கம்போல் பின்பக்கம் போய்ப் புகையைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், போ என்று கையைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை நான் முடிக்க விடவில்லை.

கூப்பிடாமல் வாசப்படி மிதிக்கக்கூடாது என்றார் அப்பா. ஸ்பானர் கேட்டது கூப்பிட்டதில் சேருமா? நீ விசாரித்து எழுது.

மாமா


நவம்பர் 22

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா தபால் பையில் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் படித்து முடிக்கும்வரை கதவுப் பக்கமே நின்று, முடித்ததும் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் சாலை முனையில் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யாரிடமும் காட்டாதீர்கள், என் பெயர் கெட்டுவிடும்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள் என்று நேற்றுக் கண்டக்டர் அண்ணன் சொன்னார். அவர் சொன்னால் நம்பலாமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் சீட்டு வரும்வரை நான் உட்காரவில்லை. மூச்சு சீராகிவிட்டதா? சீராக இருக்கிறது என்று அக்கா எழுதினால் செல்லாது, நீங்கள் எழுதுங்கள். வேலையைப் பற்றியும் எழுதுங்கள். வீட்டுக்காரம்மா என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். எண்ணெய்ச்செடிக்குத் தானியம் வழி விட்டதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பொரித்த வாசனை வந்தால் சிரிப்பு வர மாட்டேன் என்கிறது.

அப்பா பெரிய டேங்கை இறக்கிக் கழுவினார். வந்த கசடை வாளியில் வைத்து ஊர் பார்க்க வாசலிலேயே விட்டிருக்கிறார். தகர டப்பாவைக் கழற்றவில்லை. "ரெண்டும் இருக்கட்டும், எதையும் முழுசா நம்பறதுக்கில்ல" என்கிறார். தினமும் விடிந்ததும் பஸ்ஸுக்குப் போவதற்கு முன் என் ஜாடியை எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறார். அதில் இப்போது இருப்பது நீங்கள் கொண்டுவந்த மலை வகை. சாய்த்துப் பார்த்ததை யாரிடமும் சொல்வதில்லை.

ஸ்பானர் விவகாரத்தை இன்று காலை விசாரித்தேன். புல் மறுபடி வெள்ளையாக இருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, மாமா கேக்கறாரு, ஸ்பானர் கேட்டா கூப்பிட்ட மாதிரியா?" என்றேன். ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பின்னால் நாற்காலி கிரீச்சென்றது. அம்மாவும் இல்லாத வீட்டில் நாற்காலியில் யார் ஏறுவார்கள் என்று யோசிப்பதற்குள் என் தலைக்கு மேல் ஜாடி கவிழ்ந்துவிட்டது.

முழுசும் கொட்டியது மாமா. ஒரு சொட்டு ஜாடியில் தங்கவில்லை.

"உறையல" என்றார் அப்பா நாற்காலி மேலிருந்து. அப்புறம் இறங்க முடியாமல் சிரித்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "அவன வரச் சொல்லி எழுது. இப்பவே எழுது."

இப்பவே என்றாரே, அதனால்தான் தலையைக் கூடத் துடைக்காமல் எழுதுகிறேன். தாளில் இருக்கும் பெரிய கறை உங்கள் எண்ணெய்தான். எழுத்து அழிந்த இடத்திலெல்லாம் வாருங்கள் என்று படித்துக்கொள்ளுங்கள்.

வழிந்துகொண்டே,
வாலு